ரிப்பேரான ஹார்ன் வேண்டும்

“ஹார்ன் ரொம்ப நல்லா அடிக்குது. இது வேண்டாம்,” என்றாள் டீச்சர்.

தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டீச்சர் கொண்டுவந்து விட்டிருந்த பழைய காரின் மாடலைத் தயாரிப்பதை நிறுத்தியே முப்பது வருஷமாகிறது. நாலு ஊர் அலைந்து, யாருடைய கிடங்கிலோ மூலையில் கிடந்த ஹார்னைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தான்.

“டீச்சர், இது ஒரிஜினல். பெட்டியைக்கூட யாரும் பிரிக்கலை.”

“அதனாலதான் வேண்டாங்கறேன். முதல் தடவை அமுக்கினா அடிக்கக் கூடாது. ரெண்டாவது தடவை இருமற மாதிரி கேக்கணும். அப்படி ஒண்ணு பாருங்க.”

“எல்லாரும் ரிப்பேரைச் சரி பண்ணத்தான் எங்கிட்ட வருவாங்க. நல்லா இருக்கறதை ரிப்பேராக்கச் சொல்லி நீங்கதான் வந்திருக்கீங்க.”

டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. கியர் குமிழ் கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்திருக்க வேண்டுமாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கீச்சென்று கத்த வேண்டுமாம், கொஞ்சம் தூக்கி அடைத்தால்தான் சாத்திக்கொள்ள வேண்டுமாம். இன்ஜினை மட்டும் அவன் இஷ்டப்படி ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம்.

“பெயின்ட் என்ன கலர் அடிக்கட்டும்?” என்றான். அதற்கும் ஒரு பக்கம் எழுதித் தருவாள் என்று நினைத்தான்.

“என்ன கலரா இருந்தாலும் சரி. கையில எது இருக்கோ அடிச்சிடுங்க.”

அவனுக்குத் தலை சுற்றியது. பழைய காரை உயிர்ப்பிக்க வருகிறவர்கள் கலருக்காகத்தான் மாசக்கணக்கில் உயிரை எடுப்பார்கள்.

“இதெல்லாம் யாருக்கு டீச்சர்?”

“எங்கப்பாவுக்கு. நாலு வருஷமா வெளியூர்ல, என் தம்பி வீட்டுல இருக்கார். வெள்ளிக்கிழமை இங்க வர்றார். ‘நம்ம வண்டியில ஒரு சுத்து போயிட்டு வரணும்மா’ன்னு அது ஒண்ணுதான் கேட்டார். உக்காந்ததும் ‘இது என் வண்டி’ன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லலைன்னா...”

அவள் கைப்பையை இழுத்து மூடினாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

நல்ல பாகம் கிடைப்பது கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். கெட்ட பாகம் அதைவிடக் கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. கெட்டுப் போனதையெல்லாம் அப்போதே உருக்கிவிட்டிருந்தார்கள். “சரியா அடிக்காத ஹார்ன் இருக்கா?” என்று கேட்டால் பழைய இரும்புக் கடைக்காரர்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். “உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?” என்று ஒருவர் அக்கறையாகவே விசாரித்தார்.

கடைசியில் இருமும் ஹார்ன் ஒன்று குப்பையோடு குப்பையாக அகப்பட்டது. குமிழ், மூடிப்போன டிரைவிங் ஸ்கூல் காரிலிருந்து கிடைத்தது. எத்தனையோ பேர் கட்டைவிரலால் தேய்த்திருந்தார்கள். கதவுக் கீலைத் துருப்பிடிக்க வைக்க அவன் மூன்று நாள் உப்புத் தண்ணீர் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வந்து, கண்ணை மூடிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். குமிழைத் தடவினாள். ஹார்னை இரண்டு தடவை அமுக்கினாள். கதவைத் தூக்கி அடைத்தாள், அது கத்தியது. “அப்படியே இருக்கு,” என்று சொல்லிவிட்டு அப்பாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாள். ஏன் கண்ணை மூடிக்கொண்டாள் என்பதும் அவனுக்கு விளங்கவில்லை.

அவன் வண்டியைக் கடைசியாக ஒரு தடவை துடைத்தான். கதவு மறுபடி கீச்சென்றது. கை தன்பாட்டுக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்து, கீலில் தாராளமாக விட்டது. இருபது வருஷப் பழக்கம். என்ன செய்தோம் என்று உறைத்தபோது எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தான். கதவு வாயே திறக்கவில்லை.

அதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்து, “நேரா வாங்கப்பா, இன்னும் ரெண்டு அடி,” என்று அழைத்து வந்தாள். கலரைப் பற்றி அவள் ஏன் கவலைப்படவில்லை என்று மெக்கானிக்குக்குக் கடைசியில் புரிந்தது. புரிந்ததும் எண்ணெய்க் குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பெரியவர் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தார். ஒரு சத்தமும் இல்லை. டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் இன்னொரு தடவை கதவைச் சாத்தித் திறந்து பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, குமிழைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஹார்னை அமுக்கினார். இரண்டாவது தடவை அது இருமியது.

“என் வண்டியேதாம்மா. எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கே.”

டீச்சருக்கு அழுகை பொங்கிவிட்டது. பெட்டியை எடுத்து வருவதாகச் சொல்லி டாக்ஸிப் பக்கம் ஓடினாள்.

மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலருகே குனிந்தான். “ஐயா, மன்னிச்சுக்கங்க. கை பழக்கத்துல உங்க கதவுக்கு எண்ணெய் விட்டுட்டேன். அதான் சத்தம் வரலை.”

“விட்டா விட்டுட்டுப் போறீங்க தம்பி. அவகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க,” என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, எனக்குத் தெரியாம என் வண்டியை வித்துட்டா. கேட்டிருந்தா நானே வித்துக் குடுத்திருப்பேன். வாங்கினவன், உள்ளே ஒட்டியிருந்த என் போன் நம்பரைப் பார்த்து அன்னிக்கே போன் பண்ணி, ‘இதை எப்படிங்க கிளப்பறது’ன்னு எங்கிட்டயே கேட்டான்.”