தவக்காலத்துக் கணக்கு

குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைச் செலீனா மூன்றாம் தரமும் பின்னுக்குப் புரட்டினாள். எப்படி எண்ணினாலும் விரல் போய் நிற்பது தவக்காலத்தின் நடுவில்தான். கோதாரி, அந்த நேரம் மகன் றொஜிதன் நோர்வேயில் காற்றாலை திருத்திக்கொண்டெல்லோ நின்றான்.

நேற்று ஸ்கானிங் செய்த பெண் சிரித்த முகத்தோடு, எட்டுக் கிழமை, ரெண்டு மாதக் கரு என்றாள். மருமகள் கஜந்தி அழுதுகொண்டே சிரித்தாள். மருமகளின் வயிறு திறக்க வேணுமென்று ஆறு வருசம் மடுமாதாவைக் கேட்டுக் களைத்த செலீனாவும் அந்த இடத்திலேயே செபமாலையை முத்தமிட்டவள்தான். வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்ததோடு எல்லாம் போச்சு.

றொஜிதன் வந்து இறங்கியது தவக்காலம் முடியப்போகிற குருத்தோலை ஞாயிறு. பிள்ளை அதுக்கும் முன்னமே எண்டால், அது ஆற்றை பிள்ளை?

காலையிலிருந்து ஒரு மிடறு தேத்தண்ணியும் இறங்கவில்லை. கேட்டால் வீடு ரெண்டாகும், கேட்காவிட்டால் நெஞ்சு வெடிச்சுப் போகும். கஜந்தி சத்தியெடுத்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டே விட்டாள்.

"பிள்ளை, மறைக்காமல் சொல்லு. றொஜி இஞ்ச இல்லாத நேரம் இது எப்பிடி வந்தது?"

கஜந்தியின் முகம் வெளிறிப்போனது. "அதை அவரிட்டையே கேளுங்கோ மாமி," என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒண்டும் இல்லாட்டி ஏன் கதவைச் சாத்துறாள்? செலீனாவுக்கு இனிச் சந்தேகமே இல்லை. மகன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"தம்பி, அவளைக் கொண்டுபோய் சில்க்போர்க்கில தாய் வீட்டில விடு. இது உன்ர பிள்ளை இல்லை."

கலண்டரை அவன் கையில் திணித்து, விரல் வைத்துக் காட்டினாள். குதிப்பான் என்று பார்த்தால், அவன் ஆறுதலாய்க் கதிரையை இழுத்து இருந்தான்.

"அம்மா, டொக்டர்மார் பிள்ளை தங்கின நாளில இருந்து எண்ணுறேல்லை. கடைசியா மாதவிலக்கு வந்த நாளில இருந்துதான் எண்ணுவினம். எல்லாருக்கும் அப்பிடித்தான். ரெண்டு கிழமையைக் கழிச்சுப் பாருங்கோ."

செலீனா கழித்தாள். விரல் குருத்தோலை ஞாயிறும் தாண்டிப் பெரிய கிழமைக்குள் வந்து விழுந்தது.

"ஓம், புதன்கிழமை," என்றான் றொஜிதன். "அண்டைக்குத்தான்."

எந்த நாள் எண்டும் சொல்லுறானே என்று செலீனாவுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அந்தப் புதன் ரெண்டு பேரும் தளபாடம் பார்க்க ஓகூஸ் நகரத்துக்குப் போறம் என்று வெளிக்கிட்டு, வெறுங்கையோடு வந்தது ஞாபகம் வந்தது. தாய் கேட்கிற விசயமா இது? கலண்டரை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

பிறகு எழும்பிப் போய் மருமகளின் கதவைத் தட்டினாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. என்ர நாக்கு அழுகிப்போக," என்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதும் பேச்சு தானாய் வந்தது.

"இருந்து பாருங்கோ, றொஜியின்ர செத்துப்போன அப்பாவின்ர மூக்கு அச்சொட்டாய் வந்து பிறக்கும்."

வாசலில் நின்ற றொஜிதன் வாயைத் திறந்தான். கஜந்தி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இல்லை கஜந்தி, குறை என்னிலதான், நீ இவ்வளவு நாளும் எனக்காகப் பேச்சு வாங்கினது போதும்," என்றவன் தாயைப் பார்த்தான். "மூக்கு ஆற்றை மாதிரி வருமெண்டு எனக்கும் தெரியாது, அம்மா. ஓகூஸ் கருத்தரிப்புக் கிளினிக்கில அண்டைக்கு நான் இவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது மட்டும்தான்."