அறுபத்தேழுக்கு முன்

"இனி நான் வருத்தக்காரி இல்லை, நாகபூசணி. வயசாளி!"

பலாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நாகபூசணி நிமிர்ந்தாள். கீழ் வீட்டு யூலியானா ஊன்றுகோலோடு நின்று சிரித்தாள்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"அறுபத்தேழு முடிஞ்சுதெல்லே. இவ்வளவு நாளும் இன்வலிதித்தா எண்டு ஊனத்துக்குத் தந்த காசு, இந்த மாசம் முதியோர் காசாய் மாறியிட்டுது. அதுக்குப் பேர் சொச்சாலேயாம். நான் கேக்கவுமில்லை, தானாய் மாறினது."

"உங்கட அவருக்கு, எமிலியானுஸ் அண்ணைக்கு, நல்ல பென்சன் வருதே?"

"அதைப் பாக்கமாட்டாங்கள். ஊனக்காரர் எண்டால் எங்கட சொந்த வருமானத்தை மட்டுந்தான் பாக்கிறது."

கையிலிருந்த கத்தரிக்காயை நாகபூசணி எரிச்சலோடு திரும்பக் குவியலில் எறிந்தாள்.

அவளுக்கு வாற தையில் அறுபத்தேழு. பென்சன் அலுவல் பார்த்துக் கொடுக்கும் பத்ரொனாத்தோவில் போன கிழமைதான் விசாரித்திருந்தாள். "கணவருக்கு வருமானம் கூட. சொச்சாலே கிடைக்காது, சிஞ்ஞோரா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம் பொலிதேயாமாப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் தரை துடைத்தவள். ஒரு வீட்டுக்காரச் சிஞ்ஞோராவும் அவளை வேலைக்காரி என்று முறைப்படி பதியவில்லை. சொந்தப் பென்சன் என்று ஒரு சதமும் வராது.

யூலியானாவும் அதே வேலைதான் செய்தாள். யன்னல் துடைக்கும்போது ஏணியால் விழுந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

விழுந்தவளுக்கு வாழ்வு!

யூலியானாவும் விட்டபாடில்லை. படியில் கண்டாலும் அதே கதை, யன்னலால் எட்டிப் பார்த்தாலும் அதே கதை.

"அறுபத்தேழுக்கு முதல் ஊனம் எண்டு எழுதுவிச்சால்தான் உந்தச் சலுகை. பிந்தினால் இல்லை. ஆனால் உமக்கேன் அது? நீர் கல்லுக்குண்டு மாதிரியெல்லே இருக்கிறீர்!"

நாகபூசணி கதவை அடித்துச் சாத்தினாள்.

"எனக்கு ரெண்டு காலும் நல்லாய் இருக்கிறதுதான் குற்றம்!" என்று புருசனிடம் சீறினாள்.

சோதிலிங்கம் தேத்தண்ணியை ஊதினார். "அதுக்கு, காலை உடைக்கப் போறீரே?"

"உடைக்கத் தேவையில்லை."

அடுத்த நாள் குடும்ப வைத்தியரிடம் போனாள். ஊனக் காசு கேட்பதென்றால் முதல் சான்றிதழை அவர்தான் எழுத வேண்டும். சப்பாத்துக் கொள்ளாத காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யூலியானா நடப்பதுபோலவே இழுத்து இழுத்து உள்ளே போனாள். வாசலில் வலக்கால் நொண்டியது. கதிரைக்குக் கிட்டப் போகையில் அது இடக்காலாகிவிட்டது.

டொத்தோரே சிரிக்கவில்லை. நடையைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"செருப்பைக் கழற்றுங்கள்."

குனிந்து கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவர் முகம் மாறியது.

சான்றிதழ் கேட்டுப் போனவளை இரத்தம் சோதிக்க அனுப்பினார்.

முடிவு வந்த அன்று சோதிலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். நொண்ட மறந்துபோனாள்.

"இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டன. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மெஷினில்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டி வந்திருக்கும். இப்போது மருந்தால் தாக்குப்பிடிக்கலாம்."

சோதிலிங்கம் மனைவியின் கையை இறுகப் பிடித்தார்.

"ஊனக் காசுக்கும் எழுதுகிறேன்" என்றார் வைத்தியர். "தருவார்களோ தெரியாது. ஆனால் நீங்கள் இருப்பீர்கள்."

நாகபூசணி எழும்பினாள். பிறகு திரும்பவும் இருந்தாள்.

"டொத்தோரே, நான் உங்களுக்கு நொண்டித்தானே காட்டினன். எப்பிடி உடனே வீக்கத்தைப் பிடிச்சியள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதற்கு முந்தின கிழமை சிஞ்ஞோரா யூலியானா வந்திருந்தார். 'கால் வீங்கியிருக்கு, வைத்தியரிடம் போ என்று ஒரு வருசமாகச் சொல்கிறேன், கேட்கிறாள் இல்லை. கால் வருத்தத்துக்கு வராதவள் எரிச்சலுக்கு வருவாள், என் காசுக் கதையைச் சொல்லி மூட்டி விட்டிருக்கிறேன். நொண்டிக்கொண்டு வந்தால், நடையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள்' என்றார்."