நாலு குச்சி

தபால்காரர் சொல்லிக்கொடுத்த நாலு, கடிகாரத்தில் இல்லை.

கோதண்டம் எழுந்து போய், கடிகாரக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தான். ஒரு குச்சி, இரண்டு குச்சி, மூன்று குச்சி. அடுத்தபடியாகக் கவட்டைக்கு முன்னால் ஒரு குச்சி நிற்க வேண்டும். நிற்கவில்லை.

நேற்று தபால்காரர் ஆனந்தன் ஈர மணலில் விரலால் எழுதிக் காட்டியிருந்தார். குச்சி என்றால் ஒன்று. கவட்டை என்றால் ஐந்து. பெருக்கல் குறி என்றால் பத்து. குச்சி முன்னால் நின்றால் குறைச்சல், பின்னால் நின்றால் கூடுதல். ரோமன் எண் என்பது இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கென்ன, போய்விட்டார்.

பூந்தமல்லியில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலத்தில் வந்த கடிகாரம் அது. ஓடும், ஆனால் மணி அடிக்காது. வெயில் இருந்தால் நிழலைப் பார்த்து நேரம் சொல்லிவிடலாம். திருமழிசையில் யாரும் சூரியனைப் பார்த்தே நாளாகிறது. ஐப்பசி மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

உள்ளறையில் அவன் மனைவி வடிவு இடுப்பு வலியில் கத்தினாள். அவளுக்குத் தாய்வீடு இல்லை. அதனால் பிரசவம் இங்கேதான்.

மூலம் நட்சத்திரம் மாலை நாலு மணி வரை. அதற்கு மேல் பூராடம். ஆண் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரலாம், தடையில்லை. பெண் என்றால் நாலு தாண்டித்தான் வர வேண்டும். மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது என்று எந்த வீட்டிலும் எடுக்கமாட்டார்கள்.

அதற்குச் சாட்சி தேடி வெளியே போக வேண்டாம். அக்கா வசந்தா இருக்கிறாள். முப்பதைத் தாண்டியும் கழுத்து வெறுமையாகவே இருந்தது. அவள் பிறந்தபோது வீட்டில் கடிகாரமும் இல்லை. யாரோ வானத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னதை அப்படியே ஜாதகமாக எழுதிவிட்டார்கள்.

"ஒரு மூலம் போதும்டா இந்த ஊட்டுக்கு. கடியாரத்த வுட்டுக் கண்ண எடுக்காத" என்றார் அப்பா பரந்தாமன், வாசற்பக்கம் தூணில் சாய்ந்தபடி.

அந்த நேரம் பார்த்து வசந்தா வெந்நீர்ப் பானையோடு கூடத்தைக் கடந்தாள். நடை தடுமாறவில்லை. கோதண்டத்துக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிள்ளையின் தலை வெளியே தெரிந்ததும் உள்ளிருந்து எலுமிச்சம் பழத்தை உருட்டிவிடுவார்கள். பழம் கூடத்துக்கு வருகிற நேரம்தான் ஜாதக நேரம். பழம் வசந்தாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.

சின்ன முள் மூன்று குச்சியை விட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தது. உள்ளே பித்தளை அண்டா ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, வீடே அதிர்ந்தது.

அதன் பிறகு வடிவின் சத்தமே இல்லை.

கத்தினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது மழைச் சத்தம் மட்டும்தான். கோதண்டம் உட்கார்ந்தான், எழுந்தான், கதவு வரை போனான், மறுபடியும் கடிகாரத்திடம் வந்தான். நாலு எது என்றே தெரியாமல் நாலுக்காகக் காத்திருக்கும் மடையன் இந்த ஜில்லாவில் தான் ஒருவன்தான் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, சத்தத்தையே காணோம்?"

"நல்லாத்தான் கீறா. இன்னும் நேரம் ஆவும். இதுல நாலு எது?"

"அதான் தெரியல. தபால்காரரு சொன்ன நாலு இதுல இல்ல."

வசந்தா ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முகத்தை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். "அதோ, நாலு குச்சி நிக்கிது. இதுக்கு இன்னாடா படிப்பு?"

இருந்தது. கவட்டையே இல்லாமல், நாலு குச்சி தலைசாய்ந்து வரிசையாக நின்றது. கவட்டையைத் தேடிய கண்ணில் அது படவே இல்லை.

அவள் உடனே போகவில்லை. சின்ன முள்ளுக்கும் நாலு குச்சிக்கும் நடுவில் இருந்த இடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நிதானம் அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

மழை வலுத்தது. அப்பா இருமினார். கதவு ஒரு தடவை விரல் அகலம் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. முள் ஊர்ந்து ஊர்ந்து நாலு குச்சியைத் தொட்டது, தாண்டியது.

எலுமிச்சம் பழம் உருண்டு வந்து அவன் காலில் இடித்தது.

"நாலு தாண்டிடிச்சி!" என்று கத்தினான். "பூராடம்!" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தீட்டு என்பதால் அவர் வாசலை விட்டு வரவில்லை.

கோதண்டம் குனிந்து பழத்தை எடுத்தான். சூடாக இருந்தது. தோல் முழுக்க நகம் பதிந்திருந்தது.

கதவு திறந்தது. உள்ளே வடிவு கண் விழித்துப் படுத்திருந்தாள். மருத்துவச்சி அங்கம்மா சுவரில் சாய்ந்து, வாய் சிவக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். வசந்தா பழஞ்சேலையில் சுற்றிய பிள்ளையை அவன் முன் நீட்டினாள். "பொண்ணு."

இப்போதுதான் பிறந்த பெண் குளித்து முடித்து, சாம்பிராணி மணக்க, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. தலைமுடி காய்ந்து பூவாகப் பறந்தது.

"நல்லா பாத்தியாடா?" வாசலிலிருந்து அப்பா கேட்டார்.

கோதண்டம் அக்காவைப் பார்த்தான்.

"நல்லா பாத்தேன் நைனா. நாலு குச்சி தாண்டித்தான் பொறந்துச்சி."

வசந்தா சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.