குழாயில் பாசி

“என் வாஷிங் மெஷின் பம்பைக் கழட்டி, பீர் குழாய் கழுவறீங்களா? வெளங்குமாலா இது?”

குருபோங்கில் இருந்த அண்ணன் வீட்டின் பின்வாசலில் நின்று மோகனா கத்தினாள். அவள் அண்ணன் காந்தன் வாளியில் வெந்நீர் ஊற்றிக் சலவைக் காரத்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

காந்தன் ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவான். பழைய ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரும்புத் தொட்டி. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கதவைத் துளைத்து வெளியே வந்து ஒரு பைப்பில் முடியும். திறந்தால் நுரையோடு பீர்.

அந்தக் குழாயைக் கழுவத்தான் இந்தப் புதுக் கருவி. ஒரு வாளி, ஒரு பம்பு, இரண்டு துண்டு ரப்பர் டியூப், இறுக்கிப் பிடிக்க கார் கிளிப். சுவிட்சைப் போட்டான். காரத்தண்ணீர் குழாய்க்குள் ஏறி, பைப் வழியாகத் திரும்ப வாளியிலேயே விழுந்தது. கூடவே பாசி மாதிரி வழவழவென்று என்னவோ வந்தது.

“ஓடுது மச்சான்!” என்று கைதட்டினான் ஹரிதாஸ்.

மோகனாவின் புருஷன். பம்பைக் கழற்றிக் கொண்டுவந்தவனே அவன்தான்.

“கெட்டுப்போன மெஷின்தானே மோகனா…”

“ரிப்பேர் பண்ணித் தாங்கன்னு எத்தனை நாளாக் கேட்டேன்! அதுக்குக் கை வரல. பீருன்னா மட்டும் ஸ்பேனர் தன்னால கைக்கு வந்துடுது.”

ஹரிதாஸுக்குப் புலாவ் செபாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடித்துக் கல்லீரல் வீங்கிப்போயிருந்தது. இனியும் தொட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் மோகனாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். முனியாண்டி கோயிலில் சத்தியம் செய்து மூன்று முறை கையில் கயிறு கட்டினான். மூன்று முறையும் அவனே அறுத்தெறிந்தான்.

இப்போது அவர்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு கிளாஸ் பீர். அப்புறம் பாடிக்கொண்டே வீடு திரும்புவான்.

ஊற்றிக் கொடுப்பது கூடப்பிறந்த அண்ணன். இன்றோடு அதற்கு முடிவு கட்டத்தான் மோகனாவும் கூடவே வந்திருந்தாள்.

குழாயைக் கழுவி முடித்ததும் ஹரிதாஸ் தன் இரண்டு கிளாஸைக் குடித்தான். பழைய பாட்டு ஒன்றைப் பாதி பாடினான். ஹாலில் போய்ப் படுத்துக் குறட்டை விட்டான்.

மோகனா பம்பைத் தூக்கிவிட்டாள்.

“இதையும் உடைக்கிறேன், அந்த ஃபிரிட்ஜையும் உடைக்கிறேன். என் தாலியில விளையாடற நீயெல்லாம் ஒரு அண்ணனா?”

“மெதுவாப் பேசு. மச்சான் முழிச்சிக்கப் போறாரு.”

“முழிக்கட்டுமே!”

காந்தன் ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

“முன்னெல்லாம் இந்தக் குழாய எப்பவாவதுதான் கழுவுவேன். இப்ப வாராவாரம் பாசி பிடிக்குது. ஏன் தெரியுமா?”

“எனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?”

“சாராயம் இருந்தா பாசி அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. இதுல சாராயம் இல்ல.”

மோகனா அவனையே பார்த்தாள். அடுப்படியிலிருந்து காந்தனின் மனைவி ஷாமினி எட்டிப் பார்த்தாள்.

“ஆமா மோகனா. பீர் ஆனதும் மறுபடியும் அடுப்புல வச்சி சூடு பண்ணிடுவாரு. போதையெல்லாம் ஆவியாப் போயிடும். அப்புறம் கேஸ் ஏத்தி நுரை வர வைப்பாரு. வீடெல்லாம் ஒரே நாத்தம், என்னைக் கேளு.”

“மொதல்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சேன்” என்றான் காந்தன். “இப்ப சுத்தமா இல்ல.”

“அப்ப பாடறாரே?”

“குடிச்சிருக்கோம்னு ஒரு நெனப்புதான். அந்த நெனப்பு போச்சுன்னா நேரா சம்சுக்குப் போயிடுவாரு. அதான் உன்கிட்டகூட சொல்லல. சண்டை வந்தா உன் வாய் நிக்காது.”

வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். மோகனா பம்பை மெல்ல வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும் வரைக்கும் ஹரிதாஸ் உரக்கப் பாடினான். அப்புறம் பாட்டு நின்றது. மோட்டார் ஆட்டமில்லாமல் நேராகப் போனது.

வழியில் அலோர்காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, பாலில்லாமல் இரண்டு தே ஓ சொன்னான்.

“காந்தன் சொல்லிட்டானா?”

“என்னத்த?” என்றாள் மோகனா.

“வரும்போது வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்த. இப்ப ஒரு வார்த்தை பேசல.”

மோகனா தேநீரைக் கலக்கினாள். ஏற்கெனவே கலக்கிய தேநீர்தான்.

“இத்தனை வருஷம் குடிச்ச நாக்கு. போதை இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாதா?” என்றான் ஹரிதாஸ். “பாவம், குழாய்ல பாசி பிடிக்குதுன்னு வாராவாரம் ஊதி ஊதிக் கழுவிக்கிட்டிருந்தான். அதான் பம்பைக் கழட்டிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத. மனசு விட்டுப்போயிடும்.”

“அண்ணன்கிட்ட சொல்லாதது சரி. என்கிட்ட சொல்லியிருக்கலாமே? வாராவாரம் உங்க பாட்டைக் கேட்டு நான் அழுதுக்கிட்டில்ல இருந்தேன்!”

ஹரிதாஸ் கயிறு இருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

“மூணு தடவையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் குடிய விட்டேன், மோகனா. நிக்கல. இந்தத் தடவ சொல்லாம விட்டுப் பாக்கலாம்னுதான்.”