யாருக்கு முதலிடம்?

கண்டியில் பரிமளத்துக்கு அன்று வேலையில் முதல் நாள். தேத்தண்ணி அறையில் சீதாவும் சந்திரிகாவும் டிவி சூப்பர் ஹீரோ தொடர்களுக்காக மல்லுக்கு நின்றார்கள்.

"பறக்குறவன்தான் எப்பவும் முதலிடம்!" என்றாள் சீதா.

"சும்மா இருங்கக்கா. இந்தக் கிழமை சுவர் ஏறுறவன் முந்திட்டான்."

பரிமளத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

"எங்க மகளுக்கும் பறக்குறவன்தாங்க. குளிக்கிற துவாயை முதுகுல கட்டிக்கிட்டே திரியுறா."

சீதா எழுந்து, ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வாட்டின் கதவைத் திறந்தாள். கட்டிலுக்குக் கட்டில் பிளாஸ்டர் போட்ட பிள்ளைகள்.

"இந்தப் பக்கம் ஏழு பேரும் பறந்ததுங்க. அந்தப் பக்கம் எட்டும் சுவர் ஏறினதுங்க."

பரிமளம் சீதாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, போன் எங்க இருக்கு? அம்பிட்டியில எங்களுக்கு மாடி வீடு!"