ஒட்டாத நோய்

"ஆறு மாசத்துக்கு எங்க வீட்டுப் பக்கம் யாரும் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க. டிபி வந்த வீடு!"

மாமியார் போனில் யாரிடமோ சொன்னது, தையல் மெஷினில் இருந்த மருமகளின் காதில் விழுந்தது. பெடலில் கால் அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. போன வாரம்தான் ஒரு டாக்டரம்மா காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"கர்ப்பப்பையில டிபிம்மா. நுரையீரல் சுத்தமா இருக்கு, அதனால பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒட்டாது. ஆறு மாசம், ஒரு நாள் விடாம மாத்திரை போடு, குணமாயிடும். குழந்தையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

"அப்போ என் மேல தப்பில்லையா டாக்டர்?"

"கிருமி மேலதான் தப்பு."

இத்தனை நாள் பேர் தெரியாமல் இருந்த குறைக்கு ஒரு பேர் கிடைத்ததே அவளுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில்தான் மாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் "உம்" என்றதோடு சரி. இப்போது ஊரெல்லாம் தண்டோரா!

அன்று தைத்த ஜாக்கெட்டில் கை மாறிப் போனது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் மாறியது. சாயங்காலம் பொறுக்க முடியாமல் மாமியார் எதிரில் போய் நின்றாள்.

"ஒட்டாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அத்தை..."

மாமியார் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல். மாமியாரின் ஓரகத்தி. மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு, பழப் பையை கேட் கம்பியில் மாட்டினாள்.

மருமகள் கூனிக் குறுகிக் கதவோரம் ஒதுங்கினாள்.

"நீ ஏம்மா ஒதுங்கற? வந்து பழத்தை எடுத்துக்கோ," என்ற ஓரகத்தி, மாமியாரைப் பார்த்துக் கத்தினாள். "நீ அங்கேயே நில்லு! இந்த வயசுல நெஞ்சுல டிபியை வாங்கி வச்சிருக்கியே! மருமக பக்கத்துல போய் இருமித் தொலைக்காத!"

மாமியார் லொக் லொக்கென்று இருமினார். ஓரகத்தி திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

"அத்தை... உங்களுக்கா?"

"எனக்கு ஒரு மண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்புறம் ஏன்..."

"வீட்டுல மாத்திரை இருந்தா நாலு பேர் கேட்கத்தான் செய்வாங்க. எனக்கு டிபின்னா, 'மாத்திரை போட்டியா'ன்னு என்னைக் கேட்பாங்க. உனக்குன்னா, 'வேற பொண்ணு பார்க்கட்டுமா'ன்னு என் பையனைக் கேட்பாங்க!"