பத்தொன்பது கால்கள்

வெள்ளைத்தாய் நொண்டி நொண்டி உள்ளே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நோயாளியைக் கண்டு சந்தோஷப்படுகிற டாக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த வகுப்பறையைக் கேட்டு வாங்கித் திறந்து, மூன்று நாளாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

மதறாஸில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எட்டு வருஷமாக நான் டெமான்ஸ்ட்ரேட்டர். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அசிஸ்டென்ட் புரொபசர் ஆகிவிட்டார்கள். இந்த வருஷம் மறுபடி ஓர் இடம் காலி. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். கூடவே சொந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் வைக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது நரம்புச்சிலந்தி. குடிக்கிற தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் உடம்பில் வளர்ந்து, காலில் கொப்புளம் கட்டி, வெள்ளை நூல்போலத் தலைநீட்டும் புழு. அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் ஆபத்து. திருச்சுழிப் பக்கம் ஊருணித் தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போன சித்திரையில் வந்து முப்பத்தோரு பேருக்கு வைத்தியம் பார்த்துக் குறிப்பெடுத்தேன். ஐம்பது கேஸாவது இல்லாமல் இதெல்லாம் ஒரு கட்டுரையா என்று புரொபசர் காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார். மிச்சம் பத்தொன்பதைத் தேடித்தான் இந்தச் சித்திரையில் லீவு போட்டு வந்தேன்.

ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை.

குற்றம் என்னுடையதுதான். போன வருஷம் ரயிலுக்குக் கிளம்பும்போது, தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதீர்கள் என்று தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போயிருந்தேன். டாக்டர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? இவர்கள் கேட்டுவிட்டார்கள். துணிக்கு ரேஷன் போட்ட காலம். அப்படியும் எங்கள் நெசவுத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒரு முழம் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஊருணிக் கரையில் பார்த்தேன். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் துணி. பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. உங்களுக்கு நோய் வராவிட்டால் எனக்கு வேலை உயராது என்று அங்கே தண்ணீர் எடுத்தவர்களிடம் புலம்பிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதையும் சொல்லித் தொலைத்திருந்தேன்.

இப்போது வெள்ளைத்தாய் வந்திருக்கிறாள்.

வலது கணுக்காலில் கொப்புளம். அதன் நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று வந்து ஈர்க்குச்சியில் சுற்றியிருந்தது. ஆவலோடு குனிந்து இரண்டு விரலால் பிடித்தேன்.

மெட்ரிகுலேஷன் முடிக்கிறவரை தறியில் உட்கார்ந்தவன் நான். என் விரல்களை ஏமாற்ற முடியாது. அது கஞ்சி போட்ட பாவு நூல். நாற்பதாம் நம்பர்.

கொப்புளம் மட்டும் நிஜம். சேராங்கொட்டைப் பாலைத் தொட்டு வைத்திருக்கிறாள். பட்ட இடம் வெந்துபோகும்.

அறிவிருக்கிறதா உனக்கு என்று கத்தினேன்.

“பத்தொம்பது காலு கொறையுதுன்னு நீங்கதானய்யா சொன்னீக?” என்றாள். “எங்க காலு இருக்கையில உங்க வேல ஏன் நிக்கணும்?”

வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் வலது கணுக்கால். எல்லாரிடமும் ஒரே அளவில் ஒடித்த ஈர்க்குச்சி. நாகமணி வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது போலும், அவள் காலிலிருந்து பச்சைப் புழு வந்துகொண்டிருந்தது.

முகங்களைப் பார்க்கத் தெம்பில்லை. கால்களைத்தான் எண்ணினேன். வெள்ளைத்தாயோடு சேர்த்துச் சரியாகப் பத்தொன்பது.

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. மதறாஸிலிருந்து யார் வந்து இந்தக் கால்களைப் பார்க்கப் போகிறார்கள்? பேரும் வயதும் எழுதிவிட்டால் ஐம்பது. இவர்களுக்கும் திருப்தி, புரொபசருக்கும் திருப்தி. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

பிறகு அதை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாயின் காலிலிருந்த நூலை அவிழ்த்தேன். புண்ணைக் கழுவி, களிம்பு போட்டுக் கட்டினேன்.

“எழுதிட்டீகளா?” என்று கேட்டாள்.

ஆமென்று தலையாட்டினேன். நொண்ட மறந்து, வேகமாக நடந்து போனாள்.

இப்படியே அவளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர் வந்து போனார்கள். சண்முகவேல் வரும்போது ஒரு காலையும் போகும்போது மற்றொரு காலையும் நொண்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது, அதை மறைப்பானேன்.

நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினேன். இந்த ஆண்டு இவ்வூரில் நரம்புச்சிலந்தி ஒருவருக்கும் இல்லை.

இந்த வரியைக் காட்டி அசிஸ்டென்ட் புரொபசர் ஆக முடியாது. ஆனாலும் எட்டு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

கடைசி ஆள் ஒரு கிழவர். வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரும்போது முனகல் வேறு. நெசவுத் தெருவில் எங்களுக்குள் எப்போதும் தெலுங்குதான். இவரோ அசலூர் டாக்டரிடம் பேசுவதுபோல மரியாதையாகத் தமிழில் ஆரம்பித்தார்.

“மூணு நாளா கால ஊன முடியலைங்க, டாக்டரய்யா.”

நானும் விடவில்லை. பேர் என்ன என்று கேட்டேன்.

அப்பய்யா என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்தப் பேரை நோட்டில் எழுதவில்லை. காலையில்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன், தகப்பனார் பெயர் என்ற இடத்தில்.